மிசொலோங்கி முற்றுகை, 1825–1826: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க விடுதலைப் போரைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் சந்திக்கும் பெயர்களுள் மிசொலோங்கி ஒன்று. அந்த ஊரைப் பற்றி வீரக்கதைகள் ஏராளமாக இருப்பதால், மதில் எப்படி இருந்தது, சோறு எப்படித் தீர்ந்தது, உதவி ஏன் வந்து சேரவில்லை என்ற கேள்விகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. கீழே உள்ள பதில்கள் அவற்றிலேயே கூடுதலாக நிற்கின்றன.

மிசொலோங்கி எங்கே இருக்கிறது? அந்தச் சிற்றூரை ஏன் இத்தனை பேர் குறிவைத்தார்கள்?

கிரேக்க நாட்டின் மேற்குப் பகுதியில், பத்ராஸ் வளைகுடாவின் வடகரையில், ஆழமில்லாத ஒரு பெரிய காயலின் ஓரத்தில் இந்த ஊர் இருக்கிறது. மீன்பிடிப்பும் உப்பெடுப்பும் இங்கே பழைய தொழில்கள். வடமேற்கிலிருந்து இறங்கிவரும் படை வளைகுடாவைக் கடந்து தெற்கே உள்ள பெலொப்பொன்னீசு தீபகற்பத்துக்குப் போக வேண்டுமானால், மிசொலோங்கியைப் பகைவர் கையில் விட்டுவிட்டு நிம்மதியாகப் போக முடியாது. மேலும், இங்கிலாந்தின் பாதுகாப்பில் இருந்த ஐயோனியத் தீவுகள் பக்கத்திலேயே இருந்தன. சாகிந்தோஸ் தீவிலிருந்து தானியமும் வெடிமருந்தும் கடிதங்களும் வருவதற்கு இந்த ஊரே வாசல். மேற்குக் கிரேக்கத்தில் எழுச்சி உயிரோடு இருப்பதற்கு இந்த வாசல் திறந்திருக்க வேண்டியிருந்தது.

இது எந்தப் போரின் பகுதி?

உதுமானியப் பேரரசின் ஆட்சிக்கு எதிராக 1821 மார்ச்சில் தொடங்கி, 1830 பிப்ரவரி 3 அன்று கையெழுத்தான இலண்டன் நெறிமுறை ஆவணத்தால் சுதந்திர நாடு ஏற்கப்பட்டதோடு முடிந்த கிரேக்க விடுதலைப் போரின் பகுதி. மிசொலோங்கி 1821 மே மாதத்தில் எழுச்சியில் சேர்ந்தது.

மொத்தம் எத்தனை முற்றுகைகள் நடந்தன?

மூன்று என்று சொல்வது வழக்கம். முதலாவது 1822 அக்டோபர் இறுதியில் தொடங்கியது. உதுமானியத் தளபதிகள் ஓமர் விரியோனியும் ரெஷித் மெஹ்மத் பாஷாவும் ஊரைச் சூழ்ந்தபோது உள்ளே சில நூறு போராளிகளே இருந்தார்கள். அரசியல் தலைவர் அலெக்சாந்திரோஸ் மவ்ரோகோர்தாதோசும் சூலி மலைப்பகுதியைச் சேர்ந்த சூலியோட்டு மக்களின் படைத்தலைவர் மார்க்கோஸ் போட்சாரிசும் சரணடைவதைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசி நாள்களைக் கடத்தினார்கள். அதற்குள் இத்ரா தீவின் கப்பல்கள் ஆட்களையும் உணவையும் கொண்டுவந்து இறக்கின. கிறிஸ்துமஸ் இரவில் காவலர்கள் கோயிலில் இருப்பார்கள் என்று எண்ணி நடத்திய தாக்குதல், முன்கூட்டியே செய்தி தெரிந்துவிட்டதால் தோற்றது. 1823இல் நடந்த இரண்டாவதை மிசொலோங்கியின் முற்றுகை என்று சொல்வதே ஓரளவு தாராளம்தான். உண்மையில் சூழப்பட்டது காயலுக்குள் சில கிலோமீட்டர் வடமேற்கே இருக்கும் அனதோலிகோ என்னும் சிறு தீவூர். உலகம் நினைவில் வைத்திருப்பது மூன்றாவதை மட்டுமே: 1825 ஏப்ரல் முதல் 1826 ஏப்ரல் வரை, ஏறக்குறைய ஓர் ஆண்டு.

பைரன் பிரபு இந்த முற்றுகையில் போரிட்டு இறந்தாரா?

இல்லை. இந்தத் தவறு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலக் கவிஞர் பைரன் 1824 ஜனவரி 5 அன்று மிசொலோங்கி வந்தார். தம் சொந்தப் பணத்தைக் கிரேக்கக் கப்பற்படைக்குக் கொடுத்தார். சூலியோட்டு வீரர்களைக் கூலிக்கு அமர்த்தி நாவ்பக்தோஸ் கோட்டையைத் தாக்கத் திட்டமிட்டார். அந்தத் தாக்குதல் நடக்கவேயில்லை. காய்ச்சல் கண்டு, மருத்துவர்கள் மேன்மேலும் இரத்தம் எடுத்ததால் மேலும் நலிந்து, 1824 ஏப்ரல் 19 அன்று 36 வயதில் இறந்தார். மூன்றாம் முற்றுகை தொடங்கியது அதற்கு ஓர் ஆண்டு கழித்து. ஆயினும் அவர் இறந்த ஊர் என்பதனாலேயே ஐரோப்பியப் பத்திரிகை வாசகர்களுக்கு மிசொலோங்கி என்ற பெயர் முன்பே தெரிந்திருந்தது. பின்னால் அந்த ஊர் வீழ்ந்த செய்தி அவர்களை அப்படி உலுக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

மதில் அவ்வளவு வலுவானதா?

கல்லால் எழுப்பிய பெருங்கோட்டையைக் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. முதல் முற்றுகையின்போது இருந்தது இடுப்பளவு மண்சுவரும் ஓர் ஆழமற்ற அகழியும்தான். அதற்குப் பிறகு கீயோஸ் தீவைச் சேர்ந்த பொறியாளர் மிகாயில் கொக்கினிஸ், காயல் இல்லாத நிலப்பக்கம் முழுவதையும் மறைத்து, மண்ணும் கல்லும் கலந்து ஒரு மதிலைக் கட்டினார். நேர்க்கோடாக இல்லாமல், கொத்தளங்கள் முன்னுக்கு நீட்டிக்கொண்டு நிற்க, ஒரு கொத்தளத்தின் முன்னால் வருகிறவனை அடுத்த கொத்தளத்திலிருந்து பக்கவாட்டில் சுடும்படி அதை அமைத்தார். மண்மதிலுக்கு ஒரு நன்மை உண்டு: கல் சிதறும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும், பகலில் இடிந்ததை இரவில் பெண்களும் சிறுவர்களும் கூடைகளில் மண் சுமந்து நிரப்பிவிட முடியும். அப்படித்தான் செய்தார்கள்.

கொத்தளங்களுக்கு வைத்த பெயர்களைக் கவனிக்க வேண்டும். பெஞ்சமின் பிராங்க்ளின், போலந்தின் கொஸ்யூஸ்கோ, ஆரஞ்சு வில்லியம், புரட்சிக் கவி ரிகாஸ், பைரன், மார்க்கோஸ் போட்சாரிஸ் என்று விடுதலை வரலாற்றின் பெயர்ப்பட்டியல் ஒன்றே மதிலில் வரிசையாக நின்றது. படிக்கவே தெரியாத மலைநாட்டு வீரர்கள் பிராங்க்ளின் கொத்தளத்தைக் காத்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும் ஒரு காட்சி.

மூன்றாம் முற்றுகையின் முதல் எட்டு மாதங்களில் என்ன நடந்தது?

ரெஷித் மெஹ்மத் பாஷா (கிரேக்கர்கள் இவரைக் கியுதாகி என்று அழைத்தார்கள்) 1825 ஏப்ரலில் பெரும்படையோடு வந்தார். மிசொலோங்கி வீழ வேண்டும், இல்லையேல் உன் தலை வீழும் என்று சுல்தான் இரண்டாம் மஹ்மூத் அவருக்குச் சொல்லியனுப்பியதாக வழங்குகிறது. ஆகவே அவர் தெரிந்த எல்லா வழிகளையும் முயன்று பார்த்தார். வளைவு வளைவாகப் பள்ளம் தோண்டி மதிலை நெருங்கினார். மதிலைவிட உயரமாக மண்மேடு எழுப்பி அதன் மேலிருந்து உள்ளே சுட்டார். பிராங்க்ளின் கொத்தளத்தின் அடியில் சுரங்கம் வைத்து வெடித்தார். உள்ளே இருந்தவர்களிடமும் கொஸ்தாஸ் கோர்மோவிதிஸ் என்ற சுரங்கக்காரர் இருந்தார். அவர் எதிர்ச்சுரங்கம் தோண்டி, எழுப்பிய மேட்டையே வெடித்துத் தகர்த்தார்.

ஜூலையில் உதுமானியக் கப்பற்படை வந்து கடல்வழியை அடைத்தது, காயலுக்குள்ளும் தட்டையான படகுகள் நுழைந்தன. அந்த மாத இறுதியில் இத்ராவின் கடற்தளபதி அந்திரேயாஸ் மியாவூலிஸ் வந்து அந்த அடைப்பை உடைத்து, உணவும் வெடிமருந்தும் இறக்கினார். அதே வேளையில் கிரேக்கப் படைத்தலைவர் கரைஸ்காகிஸ் மலைப்பக்கமிருந்து பாசறைகளைத் தாக்கினார். அக்டோபர் மழையில் பள்ளங்கள் நிரம்பி வழிந்தபோது, ரெஷித் பாஷா படையைக் கூட்டிக்கொண்டு சிகோஸ் மலையடிவாரத்துக்குப் பின்வாங்கினார். அந்த இலையுதிர்காலத்தில் ஊருக்குள் இருந்தவர்கள் தாங்கள் வென்றுவிட்டதாகவே எண்ணினார்கள். அப்படி எண்ணியதில் தவறு சொல்ல முடியாது.

பிறகு எது மாறியது?

எகிப்து வந்தது. உதுமானியப் பேரரசின் கீழ் எகிப்தை ஆண்ட முகமது அலி, பிரெஞ்சு அதிகாரிகளைக் கொண்டு ஐரோப்பிய முறையில் ஒரு படையைப் பயிற்றுவித்திருந்தார். அவருடைய மகன் இப்ராகிம் பாஷா 1825 பிப்ரவரியில் பெலொப்பொன்னீசின் மெத்தோனியில் இறங்கி, உள்நாட்டுச் சண்டையில் பிளவுபட்டிருந்த கிரேக்கரைச் சில மாதங்களில் சிதறடித்தார். ஆண்டு முடியும் தறுவாயில் அவர் ஏறக்குறைய 10,000 வீரர்களோடு மிசொலோங்கியின் முன் வந்து நின்றார். இந்த வேலிக்கா எட்டு மாதம் காத்திருந்தீர்கள் என்று அவர் ரெஷித் பாஷாவை ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள்.

1826 பிப்ரவரி இறுதியில் அவருடைய பீரங்கிகள் மூன்றே நாள்களில் 8,000க்கு மேற்பட்ட குண்டுகளை ஊருக்குள் வீசின. வீடுகள் தரைமட்டமாயின. அதற்குப் பின் நடந்த நேரடித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அந்த வேலி மீண்டும் நின்றது. இப்ராகிம் கெட்டிக்காரர், அதே தவற்றை நெடுநாள் தொடரவில்லை. மதிலை விட்டுவிட்டுக் காயலின் பக்கம் திரும்பினார்.

காயல் ஏன் அவ்வளவு முக்கியம்?

மிசொலோங்கியின் வயிறு காயலில் இருந்தது. பெரிய கப்பல்கள் காயலுக்குள் வர முடியாது. வெளிக்கடலில் நின்று, ஆழமில்லாத நீரில் செல்லும் படகுகளுக்குச் சரக்கை மாற்றிக் கொடுக்கும். அந்தப் படகுகளின் பாதையைக் காத்தவை காயலில் இருந்த சின்னஞ்சிறு தீவுகள். அவற்றைப் பிடித்தவர் ஊரின் தொண்டையைப் பிடித்தவர். எகிப்தியரும் உதுமானியரும் தட்டை அடிப் படகுகளில் பீரங்கி ஏற்றிக்கொண்டு வந்து, முதலில் வாசலில் நின்ற வசிலாதித் தீவை மார்ச் 9 அன்று பிடித்தார்கள். மூன்று நாள் கழித்துத் தோல்மாஸ் வீழ்ந்தது. மறுநாள் அனதோலிகோ சரணடைந்தது.

கிளிசோவாவில் நடந்தது என்ன?

ஊருக்கு மிக அருகில், ஒரு சிறு தேவாலயம் மட்டுமே இருந்த தீவு கிளிசோவா. ஏப்ரல் 6 அன்று முதலில் ரெஷித் பாஷாவின் வீரர்களும், அவர் காலில் குண்டடிபட்டு விலகிய பின் இப்ராகிமின் எகிப்தியரும் அதைத் தாக்கினார்கள். காத்தவர்கள் ஏறத்தாழ 100 பேர். நடுவில் கிட்சோஸ் சவெல்லாஸ் சிலரோடு வந்து சேர்ந்து தலைமை ஏற்றார். படகுகள் தீவை எட்டுமுன் தரைதட்டின. வீரர்கள் இடுப்பளவு நீரிலும் முழங்காலளவு சேற்றிலும் இறங்கி நடக்க வேண்டியிருந்தது. சேற்றில் கால் புதைந்து நின்றவர்களைத் தாழ்ந்த மண்வரப்பின் பின்னாலிருந்து சுடுவது எளிதாயிற்று. எகிப்தியத் தளபதி உசேன் பே அங்கே இறந்தார். முற்றுகையின் மிகப் பெரிய கிரேக்க வெற்றி அதுதான். ஆனால் அந்த வெற்றியால் ஊருக்குள் ஒரு பிடி மாவுகூட வரவில்லை, ஏனெனில் வசிலாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கிரேக்க அரசாங்கமும் கப்பற்படையும் ஏன் காப்பாற்றவில்லை?

இந்தப் பக்கத்திலேயே மிகவும் கசப்பான கேள்வி இதுதான். வீரம் குறைந்ததால் மிசொலோங்கி வீழவில்லை, மதில் இடிந்ததாலும் வீழவில்லை. கப்பலோட்டிகளுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாததால் வீழ்ந்தது என்றே நான் கருதுகிறேன். கிரேக்கத்தின் போர்க்கப்பல்கள் அரசின் சொத்து அல்ல. இத்ரா, ஸ்பெத்சேஸ் போன்ற தீவுகளின் வணிகர்களுக்குச் சொந்தமான சரக்குக் கப்பல்களில் பீரங்கி ஏற்றியவை. மாலுமிகள் மாதக் கணக்கில் முன்பணம் பெற்றுக்கொண்டு வருவார்கள். மாதம் முடிந்தால் வீட்டுக்குத் திரும்புவார்கள். 1826 ஜனவரியில் மியாவூலிஸ் வந்து உணவு இறக்கிவிட்டுப் போனதற்கும், ஏப்ரலில் திரும்பி வந்ததற்கும் நடுவே தீவுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. திரும்பி வந்தபோது அவரிடம் இருந்த கப்பல்கள் எதிரியின் பெரும்படையை விலக்கப் போதவில்லை.

பணம் வரவே இல்லையா என்றால், வந்தது. இலண்டனில் 1824இல் 8,00,000 பவுண்டுக்கும் 1825இல் 20,00,000 பவுண்டுக்கும் கடன் எழுப்பப்பட்டது. தள்ளுபடி, தரகு, முன்வட்டி என்று கழிந்தது போக மீதி வந்த தொகையின் பெரும்பகுதி முதலில் உள்நாட்டுச் சண்டைக்கும், பிறகு நேரத்தில் வந்து சேராத நீராவிக் கப்பல்கள், போர்க்கப்பல்கள் ஆகியவற்றைக் கட்டுவதற்கும் போயிற்று. நாவ்பிலியோனில் இருந்த அரசு மிசொலோங்கியின் கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தது. அனுப்ப அதனிடம் ஒன்றும் இல்லை.

உள்ளே இருந்தவர்கள் எதை உண்டார்கள்?

முதலில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை. பிறகு நாய், பூனை. பிறகு எலி. காயலின் ஓரத்தில் விளையும் உப்புச்செடியைப் பறித்து, கசப்புப் போகும்வரை ஐந்து முறை நீர் மாற்றி வேகவைத்து, எண்ணெய் கிடைத்தால் எண்ணெயோடு தின்றார்கள். நண்டு பிடித்தார்கள். மூட்டுகள் வீங்கி, ஈறுகள் புண்ணாகி, நடக்க முடியாமல் பலர் விழுந்தார்கள். முற்றுகைக்குள் இருந்து உயிர் தப்பிய நிக்கோலாஸ் கசொமூலிஸ் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் இவையெல்லாம் ஒப்பனை இல்லாமல் பதிவாகியிருக்கின்றன. மனித இறைச்சி உண்ணப்பட்டதையும் அவர் மறைக்கவில்லை.

முற்றுகைக்குள் செய்தித்தாள் வெளிவந்தது உண்மையா?

உண்மை. கிரேக்கருக்கு உதவ அமைந்த இலண்டன் கிரேக்கக் குழுவின் சார்பில் கர்னல் லெஸ்டர் ஸ்டான்ஹோப் கொண்டுவந்த அச்சு இயந்திரத்தில், சுவிட்சர்லாந்துக்காரரான யோகான் யாக்கோப் மேயர் 1824 ஜனவரி முதல் 'எலினிக்கா குரோனிக்கா' என்ற இதழை நடத்தினார். முற்றுகையின் அன்றாட நிகழ்வுகள் ஐரோப்பாவை எட்டியதற்கு அந்த இதழ் பெருங்காரணம். 1826 பிப்ரவரியில் எகிப்தியக் குண்டு அச்சகத்தின் மேல் விழுந்ததோடு அது நின்றது. முற்றுகையின் முடிவில் ஊரார் மதிலைத் தாண்டி வெளியேறியபோது மேயரும் இறந்தார்.

சரணடைந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார்கள் அல்லவா?

ஒருவேளை. அனதோலிகோ மக்கள் சரணடைந்தபோது உயிரோடு போக விடப்பட்டார்கள் என்பதை மறைக்கக் கூடாது. மிசொலோங்கிக்கும் அழைப்பு வந்தது. ஆயுதங்களைக் கீழே வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. சூலியோட்டு வீரனுக்கு ஆயுதம் என்பது கருவி மட்டுமன்று, அது அவனுடைய மானமும் வாழ்வாதாரமும். 1822இல் கீயோஸ் தீவில் உதுமானியர் நடத்திய படுகொலை எல்லோர் நினைவிலும் இருந்தது. அதே போரில் 1821இல் பெலொப்பொன்னீசின் திரிப்பொலித்சா நகரம் வீழ்ந்தபோது கிரேக்கர்கள் அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதர்களையும் ஆயிரக்கணக்கில் கொன்றிருந்தார்கள். பழிக்குப் பழி உறுதி என்று இரு தரப்பும் அறிந்திருந்தன. ஆயுதம் இல்லாமல் எதிரியின் சொல்லை மட்டும் நம்பி நடக்க அங்கே யாருக்கும் துணிவு இல்லை.

வெளியேற்றம் எப்படித் திட்டமிடப்பட்டது? எப்படி முடிந்தது?

உணவு முற்றிலும் தீர்ந்த பிறகு, படைத்தலைவர்களும் ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள். எதிரியின் கையில் சிக்காமல் இருக்கப் பெண்களையும் குழந்தைகளையும் முதலில் கொன்றுவிடலாம் என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் எழுந்தது. ரோகோய் ஆயர் யோசேப் அதைத் தடுத்தார். அப்படிச் செய்வதானால் முதலில் தம்மைக் கொல்லும்படியும், செய்பவர்கள் மேல் தம் சாபம் இருக்கும் என்றும் சொன்னார். எல்லோரும் ஒன்றாக வெளியேறுவது என்று முடிவாயிற்று.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்திய இரவு, அதாவது இலாசரசின் சனிக்கிழமை இரவு, குறிக்கப்பட்டது. நோதிஸ் போட்சாரிஸ், திமித்ரியோஸ் மக்ரிஸ், கிட்சோஸ் சவெல்லாஸ் ஆகியோர் தலைமையில் மூன்று அணிகள். ஊரில் எஞ்சியிருந்த ஏறக்குறைய 9,000 பேரில் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் 3,500 பேர்வரை. பெண்கள் பலர் ஆண் உடை உடுத்திக் கத்தி வைத்துக்கொண்டார்கள். குழந்தைகள் அழாமல் இருக்க அபினி கலந்த மருந்து கொடுக்கப்பட்டது. நடக்க முடியாத நோயாளிகளும் காயம்பட்டவர்களும் முதியவர்களும் ஊரிலேயே தங்குவதாகச் சொல்லி, வெடிமருந்து இருந்த வீடுகளில் கூடினார்கள். மலையிலிருந்து நண்பர்களின் துப்பாக்கி ஒலி கேட்டதும் புறப்படுவது என்பது ஏற்பாடு. ஆனால் கரைஸ்காகிஸ் நோயுற்றுக் கிடந்தார், மலைக்கு வந்தவர்கள் மிகச் சிலரே.

இருட்டிய பின், மரப்பாலங்களை அகழியின் மேல் சாய்த்து ஆயிரக்கணக்கானவர்கள் கடந்து, அப்பால் தரையோடு தரையாகப் படுத்துக் காத்திருந்தார்கள். எதிரிப் படை அவர்களை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருந்தது. நிலவு மேகத்திலிருந்து வெளிப்பட்டது. இனிக் காத்திருக்க முடியாது என்று முன்னணி எழுந்து பாய்ந்த வேளையில், பின்னாலிருந்து "திரும்புங்கள், திரும்புங்கள்" என்ற கூக்குரல் எழுந்தது. யார் அதைச் சொன்னது, ஏன் சொன்னது என்பது இன்றுவரை தீராத வழக்கு. பாலங்களின் மேல் இருந்தவர்களும் குடும்பங்களும் ஊருக்குள் ஓடினார்கள். அவர்களோடு சேர்ந்தே எதிரியும் உள்ளே நுழைந்தான். கிறிஸ்தோஸ் கப்சாலிஸ் என்ற முதியவர், தம் வீட்டில் கூடியிருந்தவர்களோடு எதிரிகள் நெருங்கும்வரை காத்திருந்து வெடிமருந்துக்குத் தீ வைத்தார். ஆயர் யோசேப் ஒரு காற்றாலையில் சிலரோடு மேலும் சில நாள் எதிர்த்து நின்று, அதையும் வெடிக்கச் செய்தார். சமவெளியைக் கடந்து பிழைத்தவர்களுக்காகக் குதிரைப்படை காத்திருந்தது; அதையும் கடந்தவர்களுக்காகப் புனித சிமியோன் மடத்தருகே, சந்திப்பதாகக் குறித்திருந்த அதே இடத்தில், அல்பேனியப் படை பதுங்கியிருந்தது.

எத்தனை பேர் தப்பினார்கள்?

ஏறக்குறைய 1,300 ஆண்கள். பெண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே. ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் அடிமைச் சந்தைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுள் சிலரை மீட்க ஐரோப்பிய நன்கொடையாளர்கள், குறிப்பாக ஜெனீவாவின் வங்கியாளர் எய்னார், பணம் அனுப்பினார்கள். மீளாதவர்களே பெரும்பாலோர்.

திட்டத்தை யாரோ காட்டிக்கொடுத்தார்கள் என்கிறார்களே?

கிரேக்க மரபு அப்படிச் சொல்கிறது. ஆனால் பட்டினி கிடந்த ஊர் ஒரு நாள் வெடித்து வெளியே வரும் என்பதை ஊகிக்க இப்ராகிமுக்கு ஒற்றன் தேவைப்பட்டிருக்காது.

இந்த வீழ்ச்சி போரின் போக்கை மாற்றியதா?

உடனடி விளைவு கிரேக்கருக்குக் கேடாகவே இருந்தது: எப்பிதாவ்ரோசில் கூடியிருந்த மூன்றாம் தேசியப் பேரவை செய்தி கேட்டதும் ஒத்திவைக்கப்பட்டது, ரெஷித் பாஷா ஏதென்சை நோக்கிப் படையைத் திருப்பினார், 1827இல் அந்நகரின் அக்ரோபொலிஸ் கோட்டையும் வீழ்ந்தது. மறுபுறம், பாரிசிலும் ஜெனீவாவிலும் மியூனிக்கிலும் நன்கொடைகள் குவிந்தன. 1826இலேயே பிரெஞ்சு ஓவியர் தெலாக்ருவா, இடிபாடுகளின் மேல் கைவிரித்திருக்கும் பெண்ணாகக் கிரேக்கத்தை வரைந்தார். அந்த ஓவியம் இன்று பிரான்சின் போர்தோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்த ஊரின் வீழ்ச்சியால்தான் வல்லரசுகள் தலையிட்டன என்று ஒரே வரியில் சொல்வது மிகை. இங்கிலாந்தும் ரஷ்யாவும் பீட்டர்ஸ்பர்க்கில் உடன்பாடு செய்துகொண்டது 1826 ஏப்ரல் 4 அன்று, ஊர் இன்னும் வீழாதபோது. ஆனால் 1827 ஜூலையில் பிரான்சும் சேர்ந்து இலண்டன் உடன்படிக்கை கையெழுத்தானபோதும், அக்டோபர் 20 அன்று நவரினோவில் மூன்று நாட்டுக் கப்பல்கள் எகிப்திய–உதுமானியக் கப்பற்படையை அழித்தபோதும், அந்த அரசுகளின் பின்னால் இருந்த பொதுக்கருத்து மிசொலோங்கியில் உருவானது. ஊர் 1829 மே மாதத்தில், சண்டையின்றிச் சரணடைந்து, கிரேக்கர் கைக்குத் திரும்பியது.

நூல்களில் தேதிகள் ஏன் ஒத்துப்போவதில்லை?

அன்றைய கிரேக்கர்கள் ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றினார்கள். அது கிரெகோரியனுக்கு 12 நாள் பின்தங்கியிருந்தது. வெளியேற்றத்தைக் கிரேக்க நூல்கள் ஏப்ரல் 10 என்றும் பிற நூல்கள் ஏப்ரல் 22 என்றும் குறிப்பது இதனால்தான். மேலே தந்துள்ள 1826ஆம் ஆண்டுத் தேதிகள் கிரெகோரியன் முறையில் உள்ளவை.

இன்று அங்கே போனால் என்ன பார்க்கலாம்?

மதிலின் ஒரு பகுதியும் வாயிலும் இருக்கின்றன. வாயிலுக்கு உள்ளே மாவீரர் தோட்டம் என்னும் நினைவிடத்தில் மார்க்கோஸ் போட்சாரிசின் கல்லறையும், பைரனின் சிலையும், போரில் இறந்த வெளிநாட்டவர்க்கான நினைவுச்சின்னங்களும் உள்ளன. ஊருக்குப் புனித நகரம் என்ற பட்டம் 1937இல் வழங்கப்பட்டது. ஆண்டு நினைவுநாள் ஏப்ரல் 10 அன்றோ 22 அன்றோ வருவதில்லை. உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) எந்தத் தேதியில் வந்தாலும், அதற்கு முந்திய வாரத்தில், இலாசரசின் சனிக்கிழமை மாலையில் ஊர்மக்கள் மாவீரர் தோட்டத்துக்கு ஊர்வலமாக நடந்து செல்கிறார்கள்.